புதுப்பிப்பு: எங்கள் பேரூராட்சிக்கு வீட்டு மானியம்

2023 டிசம்பர் வெள்ளத்தில் மண்சுவர் இடிந்த எங்கள் தெருக்காரர்களுக்கு, பக்கத்து ஊருக்குக் கிடைக்கும் கலைஞரின் கனவு இல்லம் ஏன் இல்லை என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் கிடைத்துவிட்டது. ரூ.3.5 லட்சம் தரும் அந்தத் திட்டம் கிராம ஊராட்சிகளுக்கு மட்டும். சுற்றிலும் வயலும் வாய்க்காலுமாக இருந்தாலும் நாம் பேரூராட்சி; நகர்ப்புறக் கணக்கில் வருகிறோம்.

சரி, நமக்கான வழி பிரதமர் வீட்டு வசதித் திட்டம் நகர்ப்புறம் 2.0. சொந்த மனையில் கட்டுபவருக்கு மத்திய அரசு 1.5 லட்சம், மாநில அரசு குறைந்தது 1 லட்சம். குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வேறெங்கும் காரை வீடு இருக்கக் கூடாது. வேலை நடக்க நடக்கத் தவணையாகத்தான் பணம் வரும்.

சொந்த மனை என்று காட்ட வேண்டிய பட்டாவில்தான் சிக்கல். தெருவில் பலரிடம் இருப்பது தாத்தா பெயரிலேயே கிடக்கும் பட்டா. வாரிசுச் சான்று, பாகப்பிரிவினை, அப்புறம் பட்டா மாறுதல். அண்ணன் தம்பிக்குள் பேச்சே இல்லாத வீடுகளில் இது எவ்வளவு பாரம்! கூரையில் தார்ப்பாய் போட்டு இருக்கும் ஆச்சிமாரை அலையவிடக் கூடாது. அதனால் தெருவிலேயே பட்டா மாறுதல் முகாம் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். தன் பெயரில் பட்டா உள்ளவர்கள் முகாமுக்குக் காத்திருக்காமல் இப்போதே விண்ணப்பியுங்கள்.