பூசைக்கு இளம் குடும்பங்கள் வர என்ன செய்தீர்கள்?

வணக்கம் உறவுகளே. மாங்குளத்துக்குக் கிட்ட ஒரு சின்னக் கத்தோலிக்கப் பங்கில் மறைக்கல்வி படிப்பிக்கிறேன். 2009 போருக்குப் பிறகு மீளக்குடியேறியபோது பத்து, பன்னிரண்டு வயதாயிருந்த பிள்ளைகள் இன்று தாய் தகப்பன். முகாமில் தறப்பாளுக்குக் கீழே பூசை கண்டவர்கள். அவர்கள்தான் இப்போது கோயிலுக்கு வருவது குறைவு.

போன ஞாயிறு ஒரு தங்கச்சி கைக்குழந்தையோடு பூசை முடியும்வரை வேப்பமரத்தடியிலேயே நின்றாள். உள்ளே வரச் சொன்னேன். "பிள்ளை அழுதா எல்லாரும் திரும்பிப் பாக்கினம் அக்கா" என்றாள். அது மனதை விட்டுப் போகவேயில்லை. கணவர் கட்டாரில். அவள் கிழமையில் ஆறு நாள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறாள். ஓய்வாக இருக்கிற ஒரே காலையில் எழும்பி வந்தவளுக்கு நாங்கள் கொடுத்த இடம் வெளியேதான்.

விசுவாசம் குறைந்துவிட்டது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். நான் நம்பவில்லை. ஓகஸ்ட் 15 மடு மாதா கோயில் திருவிழாவுக்கு இதே குடும்பங்கள் கூடாரம் அடித்து, சமைத்து, குழந்தைகளோடு நாட்கணக்கில் தங்குகிறார்களே!

பீடத்துக்குக் கிட்டப் பாய் விரித்துச் சிறுவர்களை இருத்தலாமா என்று யோசிக்கிறோம். வேறு பங்குகளில், சபைகளில் செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள். பூசையை மாலைக்கு மாற்றினீர்களா? வயதானவர்கள் என்ன சொன்னார்கள்? இளம் தகப்பன்மார் சிரமதானத்துக்குக் கூப்பிட்டால் வருகிறார்கள், சரி, அதற்குப் பிறகு அவர்களை எப்படிச் சேர்த்துக்கொள்வது?

மாத முடிவில் பங்குச்சபை கூடுகிறது. அதற்கு முன் எழுதினால் பாதரிடம் காட்டுவேன்.