புது பிராசசர் மாத்தினவங்க, புது லேப்டாப் வாங்கினவங்க: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் உங்க அனுபவம் என்ன?

பாலக்கோடு சர்வீஸ்காரன்:

தர்மபுரி நாலு ரோடு பக்கம் கல்யாண ஆல்பம் டிசைன் பண்ற ஸ்டுடியோக்காரர் ஒருத்தர். 2019-ல வாங்கின சிஸ்டம். ஏஎம்டி கம்பெனியோட ரைசன் 3 2200ஜி பிராசசர், பி450 மதர்போர்டு. லேயர் கூடக்கூட நகர மாட்டேங்குது. "மொத்தமா தூக்கிட்டு புதுசா போட்டுக் குடுண்ணா"ன்னு வந்தார். போர்டைப் பார்த்ததும் வேணாம்னுட்டேன். ஏஎம்4 சாக்கெட்டுங்க அது, சாக்கெட்டுன்னா போர்டுல பிராசசர் உக்கார்ற இடம். 2017-ல முதல் ரைசன் உக்கார்ந்த அதே சாக்கெட்லதான் 5000 சீரிஸும் உக்காருது.

அவருக்கு யூடியூப்ல யாரோ 5600எக்ஸ் வாங்கச் சொல்லியிருக்காங்க. அதுல உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது. இவர்கிட்ட தனி கார்டும் இல்ல. மாட்டினா மானிட்டர் இருட்டாத்தான் இருக்கும். 5600ஜி போட்டோம். கோர்ன்னா பிராசசருக்குள்ள வேலை செய்யற தனித்தனி மூளை; 4 கோர் இருந்த இடத்துல 6 கோர், ஒரே நேரத்துல 12 வேலை (த்ரெட்) ஓடும். ராம் பழைய டிடிஆர்4-தான். ஏஐ சர்வர்காரங்க மெமரியை அள்ளிக்கிட்டுப் போய் 2025 கடைசியில இருந்து ராம் விலை ஏறிக் கிடக்கிற நேரத்துல, அது மிச்சமானதே பெரிய காசு.

ஒரு விஷயம். பழைய பிராசசர் மாட்டியிருக்கும்போதே பயாஸை, அதாவது சிஸ்டத்தை எழுப்பி விடற போர்டோட சொந்த புரோகிராமை, அப்டேட் பண்ணிடணும். கழட்டிட்டு புதுசை வச்சா போர்டுக்கு அது யாருன்னே தெரியாது. ஃபேட்32-ல ஃபார்மேட் பண்ண பென்டிரைவ், நல்ல யூபிஎஸ், ரெண்டும் கையில இருக்கணும். நம்ம ஊர் கரண்டை நம்பி பயாஸ்ல கை வைக்கக்கூடாது. பாதியில போச்சுன்னா போர்டு காலி.

இன்டெல் பக்கம் கதை வேற. 2017-ல 8-வது தலைமுறை வந்தப்போ சாக்கெட் பேரு அதே 1151-தான், ஆனா 300 சீரிஸ் சிப்செட் போர்டு வேணும்னாங்க. அப்புறம் சாக்கெட்டே 1200, 1700, 2024-ல 1851-னு மாறிக்கிட்டே வந்துச்சு. ஏஎம்டி மட்டும் தியாகின்னு நினைக்காதீங்க. பி450-ல 5000 சீரிஸ் ஓடாதுன்னுதான் 2020 மே மாசம் சொன்னாங்க. வாங்கினவங்க கத்தின கத்துல அதே மாசம் இறங்கி வந்தாங்க. எதிர்ல வலுவா ஒருத்தன் இருந்தாத்தான் இதெல்லாம் நடக்கும். வருஷக்கணக்கா சாதா டெஸ்க்டாப்ல நாலு கோரைத் தாண்டாத இன்டெல், ரைசன் வந்த 2017-லயே ஆறு கோர் குடுத்தாங்களே!

பர்கூர் அப்பா:

பொண்ணு இன்ஜினியரிங் சேர்ந்திருக்கா. லேப்டாப் வாங்க பெங்களூரு போனோம். ஒரு கடையில "7000 சீரிஸ் சார், லேட்டஸ்ட்"னு ரைசன் 5 7520யூ எடுத்து வச்சாங்க. பக்கத்துலயே 7530யூ, கொஞ்சம் விலை கூட. பேருல ஒரு நம்பர்தானே வித்தியாசம்னு நான் குறைஞ்சதைக் கேட்டேன். பொண்ணு, "அப்பா, மூணாவது நம்பரைப் பாருங்க"ன்னா. அந்த 2-ன்னா ஜென் 2, ஏஎம்டி பிராசசரோட உள் டிசைன் பேரு, 2019-ல வந்ததாம். 3-ன்னா ஜென் 3. 7520யூ நாலு கோர், ராம் போர்டுலயே ஒட்டியிருக்கும், பின்னாடி சேர்க்க முடியாது. 7530யூ ஆறு கோர்; நாங்க பார்த்த மாடல்ல ராமுக்கு ஒரு ஸ்லாட் காலியா இருந்துச்சு. அதையே வாங்கிட்டோம். விக்கிறவருக்கு இது தெரியலையா, தெரிஞ்சும் சொல்லலையான்னு தெரியல.

பாலக்கோடு சர்வீஸ்காரன்:

பொண்ணு கெட்டி சார். இன்டெல்லயும் இதே விளையாட்டு உண்டு. கோர் அல்ட்ரா வேற, அல்ட்ரா இல்லாத கோர் 5 120யூ வேற. ரெண்டாவது ராப்டர் லேக்குங்கிற பழைய டிசைன்தான், சட்டை மட்டும் புதுசு.

கிருஷ்ணகிரி ஆடிட் ஆபீஸ்:

நாங்க பார்ட்டி இடத்துக்கே போய் கணக்குப் பார்க்கிறவங்க. மாங்கூழ் ஃபேக்டரில பிளக் பாயின்ட் தேடி அலையறதே ஒரு வேலை. ஸ்னாப்டிராகன் எக்ஸ் லேப்டாப் எடுத்ததுல இருந்து சார்ஜரை ஆபீஸ்லயே வச்சிட்டுப் போறேன், சாயந்திரம் வரைக்கும் தாங்குது. சூடும் இல்ல. ஆனா ஆபீஸ்ல இருக்கிற பழைய லேசர் பிரின்டர் இதுல எடுபடல. இது ஆர்ம் சிப்பு, இன்டெல், ஏஎம்டியை விட வேற வகை. சாதா புரோகிராம்களை விண்டோஸே மாத்தி ஓட்டிடுது. பிரின்டரை இயக்குற டிரைவர் சாஃப்ட்வேரை அப்படி ஓட்டாது, ஆர்முக்குன்னே எழுதினது வேணும். பத்து வருஷப் பழைய பிரின்டருக்கு எவன் எழுதப் போறான்? பிடிஎஃப் ஆக்கி பக்கத்து சிஸ்டத்துல பிரின்ட் போடறேன்.

காரிமங்கலம் தம்பி:

பாலக்கோடு அண்ணா, என்கிட்ட ஏ320 போர்டு. 5600ஜி போகுமா?

பாலக்கோடு சர்வீஸ்காரன்:

போர்டுக்குப் போர்டு மாறும் தம்பி. ஏ320 மாதிரி ஏஎம்டியோட 300 சீரிஸ் போர்டுகளுக்கு 2022-லதான் வழி விட்டாங்க, எல்லா மாடலுக்கும் பயாஸ் வரல. போர்டு கம்பெனி சைட்ல சிபியு சப்போர்ட் லிஸ்ட் இருக்கும். 5600ஜி-க்கு எதிரே எந்த பயாஸ் நம்பர் போட்டிருக்குன்னு பாரு. லிஸ்ட்லயே இல்லன்னா பிராசசர் வாங்காதே. மாடல் பேரு போர்டு மேலயே பெருசா அச்சடிச்சிருக்கும், ஒரு போட்டோ போடு, பார்த்துச் சொல்றேன்.