கிளவுட் பில் ஏறுமுன் வியாபாரிகளுக்குத் தெரிவிப்பது எப்படி? அவசரம்

பூக்கூடை: ஓணத்துக்கு எங்கள் கிளவுட் பில், அதாவது இணையவழி வாடகை சர்வருக்கான கட்டணம், ஏறும். பணம் கொடுப்பவர்களுக்கு முன்பே தகவல் போக வேண்டும். செலவு ஒரு தொகையைத் தொட்டால் மின்னஞ்சல் வரும்படி பட்ஜெட் எச்சரிக்கை வைத்தேன், வரவே இல்லை. உடனே யாராவது சொல்லுங்கள்.

தக்கலைத் தம்பி: எந்த கிளவுட்? ஏற்கெனவே ஆன உண்மைச் செலவுக்கு வைத்தீர்களா, இனி ஆகும் என்ற கணிப்புக்கா?

பேச்சிப்பாறை: ஐபி முகவரிதான் காரணம். அமேசான் கிளவுடில் 2024 பிப்ரவரி முதல் பொது ஐபிவி4 (இணையத்தில் சர்வரின் முகவரி எண்) ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டாலர். சும்மா கிடந்தாலும் உண்டு.

தக்கலைத் தம்பி: பில் இன்னும் ஏறவே இல்லை, அண்ணா.

வேளிமலை: கிளவுட் நிறுவனத்தின் ஆவணத்தைப் படிக்காமல் கேட்பதே இங்கே வழக்கமாகிவிட்டது. கணிப்பு எச்சரிக்கைக்கு ஏறக்குறைய 5 வாரப் பயன்பாட்டு விவரம் வேண்டும். புதுக் கணக்கா? வராது.

பூக்கூடை: புதுக் கணக்குதான். அமேசான் கிளவுட், மும்பை மையம். கணிப்புக்கு வைத்தேன். பூ ஆர்டர் எடுக்கும் செயலி. தோவாளை வியாபாரிகள் சிலர் சேர்ந்து பணம் கொடுக்கிறார்கள்.

கொல்லங்கோட்டு அக்கா: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, மக்களே. 5 வாரம் கழிந்தாலும் அந்தக் கணிப்பு பழைய செலவை வைத்துத்தான் சொல்லும். அத்தப்பூவுக்குக் கேரளத்திலிருந்து ஆர்டர் குவியும் என்பது அதற்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். இன்றைக்கே வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: இப்போது எவ்வளவு ஆகிறது, ஆர்டர் இரண்டு மடங்கானால் எவ்வளவு ஆகலாம், எந்தத் தொகையைத் தாண்டினால் அவர்களைக் கேட்டுவிட்டுத்தான் தொடர்வீர்கள். ரூபாயில், 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்து எழுதுங்கள். டாலர் கணக்கைக் காலைச் சந்தை நேரத்தில் எந்தப் பூக்காரர் படிப்பார்? எச்சரிக்கையை உண்மைச் செலவுக்கு மாற்றி, பட்ஜெட் தொகையில் 50, 80 சதவீதத்தில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் 10 மின்னஞ்சல் வரை சேர்க்கலாம்.

வேளிமலை: எச்சரிக்கை பார்க்கும் செலவு விவரம் நாளுக்கு அதிகபட்சம் 3 முறைதான் புதுப்பிக்கப்படும். உத்திராடத்தன்று (திருவோணத்துக்கு முந்தைய நாள்) காலையில் கூடும் செலவு இரவில்தான் தெரியவரலாம். எச்சரிக்கை தானாக எதையும் நிறுத்தவும் செய்யாது. இதுவும் ஆவணத்தில் இருக்கிறது.

பேச்சிப்பாறை: ஒரு சர்வர் வாங்கி நாகர்கோவிலிலேயே வைத்தால் இந்தத் தலைவலியே இல்லை.

வேளிமலை: மழையில் மின்சாரம் போனால்?

பேச்சிப்பாறை: இன்வெர்ட்டர் எதற்கு இருக்கிறது?

தக்கலைத் தம்பி: தெருவில் அறுந்து கிடக்கும் இன்டர்நெட் கேபிளுக்கும் இன்வெர்ட்டர் உண்டா, அண்ணா?

பேச்சிப்பாறை: தம்பி, நீங்கள் பள்ளிக்கூடம் போகும்போதே நான் சர்வர் ஓட்டியவன்.

தக்கலைத் தம்பி: அதனால்தான் கேட்கிறேன்.

பூக்கூடை: குழுவில் போட்டுவிட்டேன். தொகையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஜிஎஸ்டி யார் தலையில் என்று ஒருவர் பிடித்துக்கொண்டார். நன்றி.

கொல்லங்கோட்டு அக்கா: உங்கள் நிறுவனத்துக்கு ஜிஎஸ்டி எண் இருந்தால் அதை அமேசான் கணக்கில் சேருங்கள். பில்லில் கட்டும் ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, ஈடுசெய்ய முடியுமா என்று ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு அவருக்குப் பதில் எழுதுங்கள்.