ஜாவாவில் ஸ்ட்ரிங்கைப் பாதுகாப்பாக வெட்டும் ஹெல்பர் மெத்தட்: உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. ஜாவா 21-இல் ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்) வேலைகளுக்கென்று ஒரு சின்ன ஹெல்பர் கிளாஸ் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் மெத்தட், நீளமான தலைப்பைக் கேட்ட அளவுக்குள் வெட்டித் தருவது. ஸ்ட்ரிங் அந்த அளவைவிடச் சின்னதாக இருந்தால் ஜாவாவின் வெட்டும் மெத்தடான சப்ஸ்ட்ரிங் எக்ஸெப்ஷன் (பிழை) வீசும். நல் (null, அதாவது மதிப்பே இல்லாதது) வந்தால் சொல்லவே வேண்டாம். இரண்டையும் முதல் வரியிலேயே சோதித்துவிடுகிறேன்.

சிக்கல் தமிழில்தான். 'நன்றி' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. லெங்த் கேட்டால் 5 என்கிறது, ஏனென்றால் புள்ளியும் இகரக் குறியும் தனித்தனி யூனிகோட் குறிகள். நான்கில் வெட்டினால் 'நன்ற', இரண்டில் வெட்டினால் 'நன'. எக்ஸெப்ஷன் கிடையாது, டெஸ்ட் எல்லாம் பச்சை, சொல் மட்டும் சிதைந்துவிடுகிறது. இதைப் பாதுகாப்பான மெத்தட் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எமோஜியை நடுவில் வெட்டினால் இன்னும் மோசம், அதைக் குறிக்கும் இரட்டைக் குறியில் (சரோகேட் ஜோடி) பாதிதான் மிஞ்சும்.

எழுத்து எல்லைகளைக் கண்டுபிடித்துத் தரும் ஜாவா கிளாஸான பிரேக்இட்டரேட்டரின் கேரக்டர் இன்ஸ்டன்ஸை வைத்து எல்லை பார்த்து வெட்டினால் 'றி' உடைவதில்லை. ஆனால் 'க்ஷ', 'க்' என்றும் 'ஷ' என்றும் பிரிகிறது. 'ஸ்ரீ'க்கும் அதே கதி. இந்த இரண்டுக்கும் தனி விதி எழுதியவர்கள் இருந்தால், எப்படிக் கையாண்டீர்கள் என்று சொல்லுங்களேன்.

இன்னொன்று: பிரேக்இட்டரேட்டர் உள்ளே நிலையை வைத்துக்கொள்வதால் ஒரே நேரத்தில் ஓடும் பல த்ரெட்கள் அதைப் பகிர முடியாது. அழைக்கும்போதெல்லாம் புதிதாக உருவாக்குவதா, த்ரெட்டுக்கு ஒன்றாக த்ரெட்லோக்கலில் வைப்பதா? அடுத்து, நல் வந்தால் என்ன திருப்புவது? நல்லுக்கு அப்பாச்சி காமன்ஸ் என்ற ஜாவா லைப்ரரியின் லெஃப்ட் மெத்தட் (இடப்பக்கத்திலிருந்து வெட்டித் தருவது) நல்லையே திருப்பித் தருகிறது. எனக்கு வெற்று ஸ்ட்ரிங் தருவதுதான் பிடிக்கிறது. பெரிய புராஜெக்ட்டில் அப்படிச் செய்து, பின்னால் சிரமப்பட்டவர்கள் உண்டா?