சப்பாத்திக்கள்ளிப் பழம் சர்க்கரைக்கு நல்லதா?

கேள்வி (குடியாத்தம்): அம்மா சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். பக்கத்து வீட்டு அத்தை ஏரிக்கரையில் பறித்த சப்பாத்திக்கள்ளிப் பழத்தைத் தினமும் ஜூஸ் போட்டுக் குடிக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா? முள்ளை எப்படி எடுப்பது?

பதில் (காட்பாடி): தம்பி, எப்போதாவது ஒன்றிரண்டு பழம் என்றால் சரி. தினமும் ஜூஸ் என்றால் டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம். இந்தச் செடி சர்க்கரையைக் கொஞ்சம் குறைக்கக்கூடும், கிளிமிபிரைடும் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் தாழ்சர்க்கரை வரலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், அதுதான் எனக்குப் பெரிய பயம்.

பதில் (அணைக்கட்டு): முள்ளுக்கு நாங்கள் செய்வது: இடுக்கியால் பறித்து, மணல் தரையில் போட்டுக் கட்டைத் துடைப்பத்தால் நன்றாகத் தேய்ப்போம். பெரிய முள்ளைவிட மயிர் போன்ற சுனைதான் ஆபத்து. நாக்கில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. பிளந்ததும் உள்ளே நட்சத்திரம் போல இருக்கும் முள்ளையும் எடுத்துவிட்டு, துணியில் வடிகட்டுங்கள். கொட்டை கடினமானது, நிறைய விழுங்கினால் மலம் இறுகிவிடும்.

பதில் (காட்பாடி): இன்னொன்று, சிறுநீர் சிவந்தால் பதற வேண்டாம், அது பழத்தின் நிறமி. மறுநாளுக்கு மேலும் சிவப்பாகவே இருந்தால் பரிசோதியுங்கள். கிளையை ஒடித்தால் பால் வடிகிற சதுரக்கள்ளி, திருகுக்கள்ளி வேறு இனம். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு.

கேட்டவர்: நன்றி அக்கா, அண்ணா. வரும் திங்கட்கிழமை செக்கப்பில் டாக்டரிடம் கேட்டுவிட்டே தருகிறேன்.