போர்சலினுக்குத் தமிழ்ச்சொல்: பீங்கான் போதுமா?

க.வ.: நண்பர்களே, ஜெர்மனியின் மைசன் நகரப் பீங்கான் கண்காட்சிக் கையேட்டை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் கொடுக்க வேண்டும். போர்சலின் வந்த இடமெல்லாம் பீங்கான் என்று போட்டுக்கொண்டே போனேன். எர்த்தன்வேர், அதாவது குறைந்த சூட்டில் சுட்ட மண்கலம், வந்ததும் மாட்டிக்கொண்டேன். நம் பேச்சில் அதுவும் பீங்கான், கழிவறைக் கோப்பையும் பீங்கான். ஜெர்மனியின் சாக்சனியை ஆண்ட அகஸ்டஸ் 1717இல் 151 சீனக் கலங்களுக்காக 600 குதிரைப்படை வீரர்களைப் பிரஷ்ய மன்னருக்குக் கொடுத்தார். இதைப் படிப்பவர் எந்தப் பீங்கானை நினைப்பார்?

மு.அ.: பீங்கான் பாரசீகம். வேண்டாம். வெண்மை + களி = வெண்களி.

சு.: ஐயா, களி திருவாதிரைக்குக் கிண்டுவது. பீங்கானைத் திசைச்சொல்லாக, வெளியிலிருந்து வந்த சொல்லாக ஏற்றால் என்ன?

மு.அ.: தொல்காப்பியப்படி திசைச்சொல் செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலத்தது. பாரசீகம் பதின்மூன்றாவதோ?

தா.: நிறத்தை விடுங்கள், சுடுகிற விதம்தான் விஷயம். கயோலின் என்னும் வெள்ளைக் களிமண்ணோடு ஃபெல்ட்ஸ்பார் என்னும் பாறைக் கனிமம் சேர்த்து 1300 டிகிரி வாக்கில் சுட்டால் கண்ணாடிபோல் இறுகிவிடும். மெல்லிய தட்டை விளக்கெதிரே பிடித்தால் பின்னாலிருக்கும் விரலின் நிழல் தெரியும். எர்த்தன்வேரில் தெரியாது. அதனால் 'ஒளிகசி கலம்'.

க.வ.: கசிகிற கலத்தில் யார் சார் சூப் ஊற்றுவார்கள்?

சு.: இத்தாலியர்கள் பளபளப்பைப் பார்த்துச் சோழியின் பெயரையே இதற்கு வைத்தார்கள். நாமும் 'சோழிக்கலம்' எனலாமே. இராமநாதபுரம் பெரியபட்டினத்தில் 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனக் கலவோடுகள் கிடைத்திருக்கின்றன. அன்றைக்கு நம் வணிகர்கள் இதை என்ன பெயர் சொல்லி விலை பேசியிருப்பார்கள்?

மு.அ.: நிச்சயம் பீங்கான் என்று இருக்காது!

க.வ.: அடுத்த பக்கம் இன்னும் மோசம். சாக்சனி அமைச்சர் புரூல் பிரபுவுக்கு 1737இல் தொடங்கிச் செய்த அன்னப்பறவை 'சர்வீஸ்', ஒரே அலங்காரத்தில் செய்த விருந்துப் பாத்திரங்கள், 2,000 உருப்படிக்கு மேல். விருந்து மேசையில் முன்பு சர்க்கரைப் பொம்மைகள் நின்ற இடத்தில் பீங்கான் பொம்மைகள் வந்த காலம். சாப்பிடுவதைவிடக் காட்டுவதற்கே பாதி. சர்வீஸுக்கு என்ன போட?

சு.: பந்திவரிசை?

தா.: பந்தி என்றால் இலை போட்டுவிடுவார்கள். 'விருந்துக்கலத் தொகுதி' போதும்.

க.வ.: சரி, அதையே போடுகிறேன். போர்சலின் பீங்கானாகவே இருக்கட்டும், எர்த்தன்வேர் 'மெருகிட்ட மண்கலம்'. மூன்று பேருக்குச் சம்மதம்தானே?

மு.அ.: எனக்கு இல்லை. 'மெருகிட்ட வெண்களி'க்கு ஏன் யாரும் வாக்களிக்கவில்லை?

தா.: ஐயா, அது எர்த்தன்வேருக்கா, போர்சலினுக்கா?