மடிப்புல வெள்ளைக் கோடு, பின்பக்கம் யானை தலைகீழ்: பொங்கல் அட்டைக்கு உதவி வேணும்

காவேரிப்பட்டணம்காரி:
வணக்கம். பொங்கலுக்குக் கையால செஞ்ச வாழ்த்து அட்டை 40 கேட்டிருக்காங்க. டிசைன் பேப்பர்தான் என் அட்டையோட அழகே. பெங்களூரு போனப்ப ஆசையா வாங்கிட்டு வந்த 12 அங்குலச் சதுரத் தாள்கள், யானை வரிசை ஒண்ணு, பூவேலை ஒண்ணு. அடி அட்டை 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் கனம்), ஏ4, மேல்பக்கம் மட்டும் மெரூன் கலர். அதை ரெண்டா மடிச்சு டிசைன் பேப்பரை முன்னும் பின்னும் சுத்தி வெள்ளைப் பசையில ஒட்டினேன்.

மூணு பிரச்சனை. மடிச்ச இடத்துல வெடிச்சு வெள்ளையாத் தெரியுது. காஞ்சதும் அட்டை முறம் மாதிரி வளையுது. மேல் மடிப்பு வச்சதால பின்பக்க யானையெல்லாம் தலைகீழா நிக்குது. 6 அட்டை போச்சு. பேப்பர் மட்டமா, என் கை மட்டமா?

ஓசூர் தம்பி:
லேமினேஷன் போட்டுடுங்கக்கா. வெடிக்காது, வளையாது.

பழையபேட்டை பைண்டர்:
தம்பி, லேமினேஷன் போட்டா அதுல பேனா எழுதாது. எழுத முடியாத வாழ்த்து அட்டை எதுக்கு?

காவேரிப்பட்டணம் அம்மா, பேப்பர் மேலயும் தப்பில்ல, கை மேலயும் தப்பில்ல. மடிச்ச திசைதான் தப்பு. மூங்கிலை நீளவாக்குல பிளந்தா நேரா வரும், குறுக்கே ஒடிச்சா சிலாம்பு சிலாம்பா நிக்கும். காகிதத்துலயும் நார் ஒரு பக்கமாத்தான் ஓடும். பிரஸ்ல இதைக் கிரெயின்னு சொல்வோம். கடையில கிடைக்கிற ஏ4 பெரும்பாலும் நீளவாக்குல நார் ஓடறது. அதை நடுவுல ரெண்டா மடிச்சா நாரைக் குறுக்கே ஒடிக்கிறீங்க. மேல இருக்கற மெரூன் பிளந்து உள்ளே இருக்கற வெள்ளை எட்டிப் பார்க்குது. ஒரு துண்டை ஒரு பக்கம் மட்டும் லேசா ஈரத்துணியில தடவிப் பாருங்க, குழல் மாதிரி சுருளும். குழலோட நீளம் எந்தப் பக்கமோ, நார் அந்தப் பக்கம்.

வழி சுலபம். ஏ4-ஐ முதல்ல ரெண்டா வெட்டுங்க. 148-க்கு 210 மில்லிமீட்டர் துண்டு ரெண்டு வரும். ஒவ்வொண்ணையும் 105-க்கு 148 ஆக மடிங்க. இப்ப மடிப்பு நாரோட போகும். 40 அட்டைக்கு 20 தாள் போதும்.

மடிக்கிறதுக்கு முன்னாடி அடியில நாலு நாளிதழ் விரிச்சு, ஸ்டீல் ஸ்கேல் வச்சு, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால ஒரே இழுப்பு. பாதிப் பேர் கவுத்து விடுறது இங்கதான்: பள்ளம் விழுந்த பக்கம் வெளியே வரணும், மேடு உள்ளே போகணும். மாத்தி மடிச்சா கோடு போட்டதே வீண். கடைசியா வேஸ்ட் பேப்பர் ஒண்ணை மேல வச்சு ஸ்பூனோட முதுகால தேய்ங்க. பேப்பர் வைக்காம தேய்ச்சா பளபளன்னு தடம் விழும்.

பாலக்கோடு டீச்சர்:
அண்ணன் சொன்ன சின்ன அளவுல தபால் லாபமும் இருக்கு. 300 ஜிஎஸ்எம் ஏ4 முழுத்தாள் 18.7 கிராம். டிசைன் பேப்பரும் கவரும் சேர்ந்தா 20 கிராமைத் தாண்டும், ஸ்டாம்ப் கூடும். பாதித்தாள்னா 9 கிராமும் கொஞ்சமும்தான்.

இன்னொண்ணு. டிசைன் பேப்பரைக் காட்டணும்னா முழுசா மூடாதீங்க. நாலு பக்கமும் 4 மில்லிமீட்டர் மெரூன் தெரியட்டும், சேலைக்குக் கரை மாதிரி. அதாவது 97-க்கு 140 துண்டு. 12 அங்குலத் தாள் ஒண்ணுல 6 துண்டு வரும், 7 தாளுக்கு 42. மேல பூ, முத்து, ஜிகினா எல்லாம் ஒட்டி அந்த யானையை மறைச்சுடாதீங்க. எங்க பிள்ளைங்க ஜிகினா டப்பாவைப் பார்த்தா விடவே மாட்டாங்க, அதான் சொல்றேன்.

காவேரிப்பட்டணம்காரி:
அண்ணா, ஈரத்துணி வச்சுப் பார்த்தேன், அப்படியே சுருண்டுச்சு! வெட்டி மடிச்சதுல வெள்ளைக் கோடு சுத்தமா இல்ல. ஆனா வளைவு இன்னும் இருக்கு. மார்கழிப் பனியில பசை காயவே மாட்டேங்குது. வீட்டுக்காரர் இஸ்திரி போடச் சொல்றார்.

பழையபேட்டை பைண்டர்:
இஸ்திரி வேணாம்மா. பசையில இருக்கற தண்ணியில நார் அகலவாக்குல ஊதும், காயறப்ப சுருங்கி அட்டையை இழுக்கும். அதனால டிசைன் பேப்பரோட நாரும் அட்டையோட நாரும் ஒரே திசையில இருக்கணும். பசையை மெல்லிசாத் தடவி, ராத்திரி பூரா புத்தக அடுக்குக்கு அடியில வைங்க. அவசரம்னா டபுள் சைடு டேப், தண்ணியே இல்ல. மடிப்பு மேல மட்டும் டிசைன் பேப்பர் ஏறக் கூடாது, முன்பக்கத்தோட நிறுத்துங்க.

காவேரிப்பட்டணம்காரி:
பூவேலைத் தாள்ல நார் நட்டுக்குத்தலா ஓடுது, இடது மடிப்பு அட்டைக்கு அப்படியே சரி. யானைத் தாள்ல மட்டும் படுக்கையா ஓடுது. நாருக்கு ஏத்த மாதிரி ஒட்டினா யானை படுத்துக்குமே?

பழையபேட்டை பைண்டர்:
யானையைப் படுக்க வைக்காதீங்க, அட்டையைத் திருப்புங்க. 148 பக்கம் கிடையா இருக்கற மாதிரி மேல் மடிப்பு வைங்க. நாரும் சேரும், யானையும் நிக்கும். பின்பக்கம் எதுவும் ஒட்டலைன்னா தலைகீழ்ப் பேச்சே இல்ல.

ஓசூர் தம்பி:
லேமினேஷனை வாபஸ் வாங்கிக்கறேன் 🙏

காவேரிப்பட்டணம்காரி:
27 முடிஞ்சுது, ஒண்ணுகூட வளையல. கடைசியா ஒரு கேள்வி. வெடிச்ச அந்த 6 பெரிய அட்டையோட முதுகுல, அதாவது மடிப்பு மேல, மீதியான டிசைன் பட்டையை ஒட்டி மறைக்கலாமா? ஒவ்வொரு தாள்லயும் 14 மில்லிமீட்டர்ல ஒண்ணு, 25-ல ஒண்ணு மிஞ்சுது. 25-ஐ ஒட்டினேன், அதுவும் லேசா வெடிச்சுது.

பழையபேட்டை பைண்டர்:
25 பட்டை நாருக்குக் குறுக்கே வெட்டினது, அதான். 14-ஐ எடுங்க, அதுல நார் நீளவாக்குல ஓடும். அட்டையை மடிச்ச நிலையிலயே வச்சு, முதுகுக்கு இந்தப் பக்கம் 7, அந்தப் பக்கம் 7. விரிச்சு வச்சு ஒட்டாதீங்க.